குணமாகிற காலும் குடும்ப ஓட்டமும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். மில் ஷிப்டுக்கும் கல்லூரிக்கும் கோவிலுக்கும் ஜனங்கள் தினமும் போய்வருகிற தூரம். இப்போது சிற்றூர்களிலும் நடக்கத் தொடங்கியிருக்கும் ஓட்டப் பந்தயங்களில் பத்து கிலோமீட்டர் பிரிவில் பெயர் கொடுப்பவர் ஓடுவதும் ஏறக்குறைய இதே தூரம்தான். முன்பு பந்தயம் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர்களும்தான் ஓடுவார்கள். இன்று அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு வீட்டோடு வருகிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால் நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஓட வரும்போது, பைக்கிலிருந்து விழுந்த பழைய முட்டி வலி, ஐந்து மாதத்துக்கு முன் பிசகிய கரண்டைக்கால், காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் ஊசிபோல் குத்தும் குதிகால் எல்லாம் அவரோடு வருகின்றன. நாலு பேர் உள்ள வீட்டில் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒன்று குணமாகிக்கொண்டுதான் இருக்கும்.

அப்படிப்பட்ட வீடு சேர்ந்து ஓடலாமா? பெரியவர்கள் ‘கால அசைக்காம படு’ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘நடந்தாத்தான் சரியாகும், படுத்தா மடங்கிப்போகும்’ என்பார். இரண்டு பக்கத்துக்கும் நெடுநாள் அனுபவம் உண்டு. மருத்துவத்தில் சான்றும் உண்டு. இந்தக் கேள்விக்குப் பாதி விடையைத்தான் எலும்பும் தசையும் தருகின்றன, மீதியை அந்த வீட்டில் வேலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். விளையாட்டு மருத்துவம் முதல் பாதியை நிறையவே ஆராய்ந்துவிட்டது. இரண்டாவது பாதியைப் பேச ஆளில்லை.

காயத்துக்கு இந்த வட்டாரம் அந்நியமில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விசைத்தறிகள் நெய்வது பெரும்பாலும் பேண்டேஜ் துணி. நாட்டின் பல மாநிலங்களில் ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்கு வைக்கும் துணியும் காலில் சுற்றும் கட்டும் இங்கிருந்து போகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் சிவபெருமானுக்கு வைத்தியநாதர் என்று பெயர். நோயும் பிணியும் தீர அங்கே வேண்டிக்கொள்பவர்கள் உண்டு. தெற்கத்திச் சீமை முழுவதிலும்போல இங்கும் சுளுக்கு வழிக்கிறவர், எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டு போடுகிறவர், வர்ம ஆசான் என்று ஒரு மரபு இருக்கிறது. இந்த மரபைப் பழிக்கவோ புகழவோ நான் வரவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். அடிபட்டு வீங்கிய புதிதில் அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக்கட்டு பெரிதாகும். பிள்ளைகளின் முழங்கை முறிவை இப்படி உருவும்போது தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போவதும் உண்டு. மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் செத்துப்போகும். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மறுநாள் காலை வரை பொறுப்பது ஆபத்து.

‘படு’ என்பதற்கும் ‘நட’ என்பதற்கும் நடந்த வழக்கில் மருத்துவ உலகமே கட்சி மாறியிருக்கிறது. 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலைத் தூக்கி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரம் எழுதினார். உலகம் முழுக்க அதுவே வேதமாக இருந்தது. நம்மூர் விளையாட்டு ஆசிரியர்களும் அதைத்தான் கற்றார்கள். 2014இல் அதே மிர்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தம் சொல்லைத் தாமே திருத்திக்கொண்டார். இடையில், 2012இல், ஓய்வு என்ற சொல் இருந்த இடத்தில் ‘தகுந்த சுமை’ என்பதை வைத்த புதிய சூத்திரம் வந்தது. இன்றைய பொதுக்கருத்து இது: முதல் சில நாட்கள் காலைக் காப்பாற்று, அதன் பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்குப் படிப்படியாகச் சுமை கொடு. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதியிருந்தார். தசைநாணும் அப்படித்தான் என்பது தெரிய நூறு வருஷம் ஆயிற்று.

அது தெரியவந்த விதமே ஒரு கதை. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், தாமும் ஓடுகிறவர். அவருக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் தீராத வலி. அறுவை செய்யுங்கள் என்று மேலதிகாரியான மருத்துவரைக் கேட்டார். அறுவை செய்யுமளவுக்கு மோசமாகவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அப்படியானால் மோசமாக்கிக் காட்டுகிறேன் என்று படிக்கட்டின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சியை வலிக்க வலிக்கச் செய்தார். நாண் அறுந்துபோகவில்லை, வலி போய்விட்டது. 1998இல் பொழுதுபோக்குக்காக ஓடும் 15 பேரை வைத்து அவர் வெளியிட்ட ஆய்வில் இருந்த மருந்து அதே பயிற்சிதான்: நாளைக்கு 180 தடவை, 12 வாரம். அதே ஸ்வீடனில் கரின் சில்பெர்னாகல் 2007இல் இன்னொன்றைக் காட்டினார். பத்துக்கு ஐந்துக்கு மேல் வலி ஏறாமலும், மறுநாள் காலைக்குள் வலி தணிந்தும் இருந்தால், அந்த நாண் வலிக்காரர்கள் ஓடிக்கொண்டே சிகிச்சை எடுத்தாலும் ஓடாமல் சிகிச்சை எடுத்தவர்களைவிட மோசமாகவில்லை.

ஆக, குணமாகும் காலோடு ஓடலாமா என்றால், சில காயங்களுக்கு ஓடலாம். எல்லாவற்றுக்கும் இல்லை. முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. முட்டியைத் திருப்பித் திருப்பி ஆடும் ஆட்டங்களைத்தான் அது முக்கியமாகக் கணக்கெடுத்தது. நேர்க்கோட்டில் மெதுவாக ஓடுவது அதற்கு முன்பே தொடங்கும். ஆனாலும் ‘ஆறு மாசம் ஆச்சு, சரியாயிருக்கும்’ என்ற வீட்டுக் கணக்கு அங்கே செல்லாது. கணுக்கால் பிசகு வீக்கம் வடிந்தால் சரியாகிவிட்டதாகத் தெரியும். ஆனால் அந்த ஒற்றைக் காலில் நிற்கும்போது மற்றக் காலைவிட அதிகம் தள்ளாடுகிறவருக்கு அது இன்னும் சரியாகவில்லை. பிரசவித்த பெண்களுக்கு 2019இல் பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் எழுதிய வழிகாட்டி, பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம் என்கிறது.

நம் வீடுகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது சர்க்கரை நோய். தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. மேலே சொன்ன வலிக் கணக்கெல்லாம் வலி தெரிகிற காலுக்குத்தான். நீண்ட நாள் சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போனவருக்குக் கல் குத்துவதும் தெரியாது, ஷூ கடித்துக் கொப்புளம் வருவதும் தெரியாது. அவருக்கு வலியில்லை என்பதே அபாயச் செய்தி. தாத்தாவும் சேர்ந்து ஓடுகிறார் என்றால் பந்தயத்துக்கு முன்பும் பின்பும் அவர் பாதத்தைப் பேரப்பிள்ளைகள் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். ஒரு குடும்பம் சேர்ந்து ஓடுவதால் கிடைக்கும் முதல் மருத்துவப் பயன் இது என்பேன். தனியாக ஓடுகிறவரின் உள்ளங்காலைப் பார்க்க யாரும் இல்லை.

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் 3.5 சதவீதம், உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2, போட்டிக்கென்றே ஓடியவர்களில் 13.3. ஏற்கெனவே மூட்டு நன்றாக இருப்பவர்களே ஓட வந்திருக்கலாம் என்பதால் இதை வைத்து ஓட்டமே மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஓடினாலே முட்டி போய்விடும் என்ற வாதம் மட்டும் இதோடு விழுந்தது.

இன்னொரு பழைய விதி, வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் தூரத்தைக் கூட்டு என்பது. 2008இல் நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். அந்த விதிப்படி ஓடியவர்களும் வழக்கமான பயிற்சியில் ஓடியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அடிபட்டார்கள். இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவர். 2025இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு வேறொரு இடத்தைக் காட்டியது. வார மொத்தத்தைவிட, கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைத் தாண்டி ஒரே ஓட்டத்தில் எகிறுவதுதான் காயத்தைக் கொண்டுவருகிறது. குடும்ப ஓட்டத்தின் குணமே அந்த எகிறல்தான். பந்தயத்துக்கு முந்தைய மாதம் முழுக்க வீட்டு வேலை, பரீட்சை, ஷிப்டு. ஒருநாளும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க மாட்டார்கள். அன்றைக்குப் பனியனும் பாட்டும் கூட்டமும் சேர்ந்து பத்து கிலோமீட்டருக்கு இழுத்துப் போய்விடும். குணமாகிற காலுக்கு இதைவிடக் கெட்ட நாள் வேறில்லை.

பந்தயத்துக்குள் குடும்பம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது 1992 பார்சிலோனா. நானூறு மீட்டர் அரையிறுதியில் பிரிட்டனின் டெரெக் ரெட்மண்டுக்குப் பின்தொடைத் தசை கிழிந்தது. எழுந்து ஒற்றைக் காலில் நொண்டினார். பார்வையாளர் பகுதியிலிருந்து அப்பா ஜிம், காவலர்களைத் தாண்டி ஓடிவந்து தோள் கொடுத்தார். இருவரும் கோட்டைக் கடந்தார்கள். பிறர் உதவி பெற்றதால் முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நேரம் இல்லை. இந்தப் படம் உலகம் முழுக்க ஊக்கப் பேச்சுகளில் ஓடுகிறது. ‘விடாதே, முடி’ என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஓடிவந்த அப்பா முதலில் சொன்னது, நீ இதைச் செய்ய வேண்டியதில்லை என்பதுதான். மகன் முடித்தே தீருவேன் என்றபோது அவனைத் தாங்கிக்கொண்டார். ரெட்மண்ட் அதற்கு முன்பே பல அறுவைகள் கண்டவர். பழைய இடத்துக்கு அவரால் பிறகு திரும்ப முடியவில்லை. குடும்பத்தின் வேலை என்ன என்று அந்தப் படத்தில் பார்க்க வேண்டுமென்றால், அந்த முதல் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நிறுத்த ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2006 மே மாத வெயிலில் ஒடிசாவின் புத்தியா சிங், நான்கு வயதில், பூரியிலிருந்து 65 கிலோமீட்டர் ஓடினான். கைதட்டாதவர் இல்லை. பிறகு மாநில அரசு அவன் நெடுந்தூரம் ஓடத் தடை விதித்தது. சாதாரணமாக ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும் பத்துப் பதினான்கு வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதை 1903இலேயே பாஸ்டனில் ஆஸ்குட்டும் சூரிக்கில் ஷ்லாட்டரும் தனித்தனியே எழுதிவைத்தார்கள். வளர்கிற எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வருவது அது. ஓட மனமில்லாமல் பிள்ளை சொல்கிற சாக்கு என்று அதை நினைத்துவிடக் கூடாது.

எதிர்த் திசையில் அமெரிக்காவின் அப்பா டிக் ஹோய்ட், மகன் ரிக் ஹோய்ட். ரிக் 1962இல் பெருமூளை வாதத்தோடு பிறந்தார். நடக்கவோ பேசவோ முடியாது. 1977இல் விபத்தில் செயலிழந்த ஒரு விளையாட்டு வீரருக்கு நிதி திரட்ட ஐந்து மைல் ஓட்டம் நடந்தபோது, அதில் சேர வேண்டும் என்று கேட்டது ரிக்தான். ஓட்டக்காரராக இல்லாத அப்பா அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடினார். ஓடும்போது தம் உடற்குறை தமக்குத் தெரியவில்லை என்று மகன் அன்றிரவு கணினி வழியே சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயங்கள், முப்பதுக்கும் மேற்பட்ட பாஸ்டன் மாரத்தான்கள், 2014 வரை. இவர்களுடைய பந்தயத்தின் அளவுகோலை முடியாதவர் வைத்தார், முடிந்தவர் அதற்கேற்ப மாறினார். குடும்ப ஓட்டத்துக்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான இலக்கணம் இதுதான்.

தமிழகத்தில் இந்தப் பேச்சு வந்தால் மா. சுப்பிரமணியன் பெயர் வராமல் இராது. சாலை விபத்தில் முழங்கால் கடுமையாகச் சேதமாகி, சர்க்கரை நோயும் உள்ளவர், ஐம்பது வயதைத் தாண்டி ஓட வந்து நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தார். அதாவது ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர். அவர் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்ற ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமும் வந்தது. அவர் ஓடியது உண்மை, ஊக்கம் தருவதும் உண்மை. ஆனால் அவரைப்போல முட்டி உடைந்த பிறகு ஓடப்போய் வலி மறுபடி வந்தவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஒருவர் முடித்ததை வைத்து இன்னொருவரின் முட்டியை அளக்கக் கூடாது.

இனி வீட்டுக்குள் வருகிறேன். மருத்துவர் ‘இரண்டு வாரம் ரெஸ்ட்’ என்று எழுதித் தருகிறார். அப்பாவுக்கு அடிபட்டால் அந்த இரண்டு வாரமும் நடக்கிறது. நாற்காலி வருகிறது, காலுக்குத் தலையணை வருகிறது, சாப்பாடு தட்டோடு வருகிறது. அம்மாவுக்கு அதே காலில் அதே பிசகு என்றால் மூன்றாம் நாள் அடுப்படியில் நிற்கிறார். குதிகால் வலிக்காரருக்கு மருத்துவர் முதலில் சொல்வது வெறுங்காலோடு கடின தரையில் நீண்ட நேரம் நிற்காதீர்கள் என்பது. நம் அடுப்படி அந்தத் தரைதான். காலை ஐந்து மணிக்குக் குடிதண்ணீர் பிடித்து, சமைத்து, டிபன் கட்டி, பிறகு மில்லில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண், மாலையில் பயிற்சிக்கு ஓடவில்லை என்பதால் அவர் கால் ஓய்வில் இருந்ததாகாது. பந்தயப் பயிற்சி அட்டவணைகள் எதிலும் இந்த நிற்கும் நேரத்துக்குக் கட்டம் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை வேறு. அந்த உடம்பு சீக்கிரம் களைக்கும்.

அதனால்தான், குடும்பமாக ஓடுவது என்ற முடிவை, குடும்பமாக வேலை செய்வது என்ற முடிவிலிருந்து பிரிக்க முடியாது என்கிறேன். மகன் தண்ணீர்க்குடம் தூக்கினால், கணவர் காலைச் சமையலை எடுத்துக்கொண்டால், அம்மாவின் குதிகாலுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரச் சுமை குறைகிறது. எந்த ஷூவாலும் அதைச் செய்ய முடியாது. ‘சேர்ந்து ஓடுவோம்’ என்று பெயர் கொடுத்துவிட்டு, பந்தய நாளன்று விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து எல்லாருக்கும் காபி போட்டு, தூக்கம் கெட்ட உடம்போடு அம்மா மட்டும் கோட்டில் வந்து நிற்கிறார் என்றால், அந்த வீட்டில் ஓட்டம் சேர்ந்து நடக்கவில்லை.

மெதுவானவருக்கு ஏற்ப நடப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்துக் குடும்பங்கள் அமாவாசை, பௌர்ணமியில் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுவதைப் பார்த்தால் தெரியும். பாட்டி உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள். சிறுபிள்ளை தூக்கச் சொன்னால் சித்தப்பா தூக்குவார். முதலில் போய்ச் சேர்ந்தவர் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மலையேறிய அனுபவம் இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கும்: முட்டியைப் பதம் பார்ப்பது ஏற்றத்தைவிட இறக்கம். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் போகிறது. ஓட்டக்காரருக்கும் இதே கதிதான். குணமாகிற முட்டிக்காரர் செண்பகத்தோப்புப் பக்கமோ அய்யனார் கோவில் பக்கமோ மேற்கே ஓடப்போனால் திரும்பி வரும் சரிவில்தான் கவனம் வேண்டும்.

சிகிச்சைக்கு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது; 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்ந்தது. படுத்தவரை எழுப்பி நடக்கவைக்கும் வரை அது உதவுகிறது. நடக்கிறவரை ஓடவைக்கும் கட்டம், பெரும்பாலும் பெருநகரத்துத் தனியார் மையங்களில் பணம் கட்டுகிறவர்களுக்குத்தான் இன்றும் கிடைக்கிறது.

பந்தயம் நடத்துகிறவர்கள் நினைத்தால் இதில் பாதியைச் சரிசெய்யலாம். பத்து கிலோமீட்டரை நான்கு பேர் கொண்ட குடும்பம் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் அஞ்சல் ஓட்டமாக ஒரு பிரிவு வைக்கலாம். கால் தேறிவருபவர் ஒரு கிலோமீட்டர் நடக்கட்டும், மகள் ஐந்து ஓடட்டும். எப்படிப் பிரிப்பது என்பது அவர்கள் பாடு. பரிசு நேரத்துக்கு என்று வைக்க வேண்டாம், எல்லாரும் கோட்டைத் தாண்டினால் போதும். கொல்லம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓடவிடாமல் உட்சாலையில், வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். பெயர் கொடுக்கும் படிவத்தில் ரத்த வகை கேட்கும் இடத்தில், இப்போது எந்தக் காயம் குணமாகிக்கொண்டிருக்கிறது, கடந்த ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் ஓடிய அதிகபட்சத் தூரம் என்ன என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால், இயன்முறை மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துப் பிரிவை மாற்றச் சொல்லலாம்.

பனியனில் தங்கள் பெயர் போட மில்களும் விசைத்தறி முதலாளிகளும் பணம் தருவார்கள். அவர்களிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு மருத்துவர் சான்றின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கிறது; வேலையிடத்தில் அடிபட்டால் 90 சதவீதம். அளவுக்கூலிக்குத் தறி ஓட்டும் பலர் இந்த வளையத்துக்குள் வருவதே இல்லை. கணுக்கால் பிசகினாலும் அவர்கள் நின்றால்தான் அன்றையக் கூலி. அப்படிப்பட்ட தறிக்கூடத்திலிருந்து ஒரு குடும்பம் ஓட வர வேண்டுமானால், அவர்களை ஈ.எஸ்.ஐ.யில் சேர்ப்பதையும், தேறிவரும் ஒருவருக்கு ஒரு மாதமாவது உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதையும், பந்தயத்துக்குப் பணம் கேட்கப் போகிற அன்றே பேசிவிட வேண்டும்.